முதலில் தெரிந்தது யாருக்கு?

வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் சில திருப்பங்களில் ஒரு கம்பம் நிற்கும். உச்சியில் சிவப்பு விளக்கு, அடியில் சிம் கார்டு பொருத்திய சின்னக் கருவி. அக்கம்பக்கத்து லைன் வீடுகளில் யாருடைய எண் அந்தக் கருவியில் பதிவாகியிருக்கிறதோ, அவர் தன் கைப்பேசியிலிருந்து அழைத்தால் விளக்கு எரியும். எரிந்தால் ஒரே அர்த்தம்: பக்கத்தில் எங்கோ யானை நிற்கிறது. வேலை முடிந்து டவுனுக்குப் போய் அரிசி பருப்பு வாங்கிக்கொண்டு இருட்டில் திரும்புகிறவர் தூரத்திலேயே அதைப் பார்த்துவிட்டு நிற்கலாம், சுற்றிப் போகலாம், ஜீப் வருகிறதா என்று காத்திருக்கலாம். யானையை விரட்டும் வேலை எதையும் அந்த விளக்கு செய்வதில்லை. யானைக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. மனிதனுக்கு முன்கூட்டித் தெரிகிறது, அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது என்பதைப் புரிந்துகொள்ள, சற்றும் சம்பந்தமில்லாத ஓரிடத்துக்குப் போய்வரலாம்.

1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து ஒரு விளையாட்டு வெளிவந்தது. பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, கற்பனைக் காட்டிலும் குகையிலும் நடந்து போவார்கள். நடுவர் கதை சொல்வார். சந்தேகமான இடங்களில் பகடை முடிவு சொல்லும். கம்ப்யூட்டர் கேம்களில் பாதிக்கு இதுதான் தாய்வீடு.

அந்த முதல் பதிப்பில், எதிரே ஏதாவது ஒரு விலங்கு வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் திடுக்கிடல். இரண்டு தரப்பும் ஆளுக்கொரு ஆறுமுகப் பகடையை உருட்டும். 1 அல்லது 2 விழுந்தால் அந்தத் தரப்பு அசந்திருந்த நேரத்தில் மாட்டிக்கொண்டது. இரண்டாவது, தூரம். குகைக்குள் யாரும் திடுக்கிடவில்லை என்றால் சந்திப்பு 20 முதல் 80 அடி தூரத்துக்குள் எங்காவது நிகழும். திடுக்கிட்டிருந்தால் தூரம் 10 முதல் 30 அடியாகச் சுருங்கிவிடும். மூன்றாவது, எதிரே நிற்பதன் மனநிலை. இரண்டு பகடை உருட்டி, அது சண்டைக்கு வருகிறதா, தயங்குகிறதா, தன்பாட்டுக்குப் போய்விடுமா என்று பார்ப்பார்கள். மூன்றும் முடிந்த பிறகே, யார் முதலில் கை ஓங்குவது என்ற கேள்வி எழும். பின்னால் வந்த பதிப்புகளில் 'இனிஷியேட்டிவ்' என்று ஆட்டக்காரர்கள் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டது இந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றித்தான்.

யாருக்கு முதலில் தெரிந்தது, எவ்வளவு தூரத்தில், என்ன மனநிலையில் என்ற இந்த வரிசையை வைத்துக்கொண்டு வால்பாறைச் செய்திகளைப் படித்தால் ஒன்று உறுத்தும். நாம் எப்போதும் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம். 'யானை தாக்கி தொழிலாளி பலி' என்று தலைப்பு வருகிறது. எந்த யானை, எத்தனை யானை, அதைப் பிடிப்பார்களா, எங்கே கொண்டுபோய் விடுவார்கள், இழப்பீடு எவ்வளவு என்று பேச்சு ஓடுகிறது. இறந்தவருக்கு யானை அங்கே நிற்பது தெரியுமா என்று கேட்பவர் அபூர்வம்.

கேட்டவர்கள் இருக்கிறார்கள். மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர் ஆனந்தகுமாரும் அவருடைய குழுவும் வால்பாறையிலேயே தங்கிப் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார்கள். சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பீடபூமி. சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம், வாழச்சால் என்று காடு. நடுவே தேயிலையும் சுமார் 70 ஆயிரம் மனிதர்களும். ஆண்டு முழுக்க நூற்றுக்கும் குறையாத யானைகள் இதன் வழியே போய்வருகின்றன. 1994-க்கும் 2012-க்கும் இடையே இங்கே யானையால் உயிரிழந்தவர்கள் ஏறத்தாழ 40 பேர். ஒவ்வொரு சாவையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தபோது, மிகப் பெரும்பான்மையானவர்கள் யானை அங்கே இருப்பதே தெரியாமல் நேராக அதன் முன்னால் போய் நின்றவர்கள் என்று தெரியவந்தது. தோட்டத்துச் சாலையில் இருட்டில் நடந்து வந்தவர்களே இவர்களில் அதிகம்.

மலையை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. யானைக்கூட்டம் பகலில் ஆற்றோரக் காட்டிலோ, தேயிலைக்கு நடுவே மிச்சமிருக்கும் சோலைத் துண்டிலோ ஒதுங்கி நிற்கும். பொழுது சாய்ந்தால் தேயிலைக்குள் இறங்கி அடுத்த துண்டுக் காட்டை நோக்கி நகரும். மனிதன் வீடு திரும்புவதும் அதே நேரத்தில்தான். ஜூன் பிறந்துவிட்டால் மழையும் மூடுபனியும்; பத்தடிக்கு அப்பால் இருப்பது மரமா பாறையா என்று தெரியாது. மூன்று டன் எடையுள்ள உயிர் சத்தமே இல்லாமல் நிற்கும் என்பதை மலைக்குப் புதியவர்கள் நம்பமாட்டார்கள். காற்று மனிதனிடமிருந்து யானைப் பக்கம் வீசினால் அது முன்பே மோப்பம் பிடித்து ஒதுங்கிவிடும். எதிர்த்திசையில் வீசினால் அதற்கும் தெரியாது. அப்போது இரண்டு தரப்பும் ஒரே நொடியில் திடுக்கிடுகின்றன, தூரம் பத்தடி, கூடவே குட்டி வேறு. இதற்கு மேல் பகடையை உருட்டிப் பயனில்லை.

ஆகவே அந்தக் குழு தாக்குதலைத் தடுக்கப் போகவில்லை, திடுக்கிடலைத் தடுக்கப் போனது. மாலையானால் உள்ளூர் கேபிள் டிவியில் எந்தத் தோட்டத்தில் யானை நிற்கிறது என்று திரையின் அடியில் எழுத்தோடியது. பிறகு, யானை நிற்கும் இடத்துக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ளவர்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போனது. படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பு. அதன் பிறகு இந்தச் சிவப்பு விளக்குகள். வனத்துறையும் தோட்ட நிர்வாகங்களும் சேர்ந்துகொண்டன. உயிரிழப்பு கண்கூடாகக் குறைந்தது. 2015-இல் ஆனந்தகுமாருக்கு இங்கிலாந்தின் விட்லி விருது கிடைத்தது. விருதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. விளக்கைப் போடுவது பெரும்பாலும் ஊழியர்கள் அல்ல, தோட்டத்து மக்களேதான். அடுத்தவன் வீடு வந்து சேர வேண்டுமே என்று ஒருவர் போன் எடுக்கிறார். எந்தத் திட்ட அறிக்கையாலும் இதை உத்தரவு போட்டு வரவழைக்க முடியாது.

உயிர் போகிற விஷயத்தை விளையாட்டோடு சேர்த்துப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் இந்த விளையாட்டுகளின் பூர்வீகமே உயிர் போகிற விஷயம்தான். பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் தளபதிகளுக்குக் காட்டிய 'கிரீக்ஸ்பீல்' என்ற போர்ப் பயிற்சி ஆட்டத்தில், இரண்டு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர் இருப்பார். மலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் எதிரிப் படை, அதைப் பார்க்கும் இடத்துக்கு நம் ஆள் போகும்வரை வரைபடத்தில் வைக்கப்படாது. தெரியாமை என்பது சாவுக்குக் காரணமாகும் ஒரு பொருள், அதை அளக்கலாம், கூட்டலாம் குறைக்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. நம் ஊர் ஆடுபுலி ஆட்டத்தில் இது கிடையாது. மூன்று புலியும் பதினைந்து ஆடும் கோட்டின் மேல் பட்டப்பகலில் நிற்கின்றன. தோற்றால் அது புத்தியின் குறை. அதே சமயம் தமிழ் இலக்கணம் புறத்திணையைத் தொடங்குவது வெட்சியில், அதாவது நள்ளிரவில் அயலான் ஆநிரையை ஓசைப்படாமல் கவர்ந்துவருவதில். திடீர்த் தாக்குதலின் கணக்கு நமக்கும் பழையதுதான்.

எல்லாச் சாவும் தெரியாமையால் வந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. 2025 பிப்ரவரி 4-ஆம் தேதி மாலை, பொள்ளாச்சி–வால்பாறை சாலையில் ஒற்றை யானை நின்றது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. எல்லோருக்கும் தெரிந்திருந்தது, தூரமும் போதுமானதாக இருந்தது. எழுபது வயதைக் கடந்த ஜெர்மன் சுற்றுலாப் பயணி ஒருவர் மட்டும் மோட்டார் சைக்கிளில் அதைக் கடந்துபோக முயன்றார். யானை அவரைத் தூக்கி எறிந்தது, மருத்துவமனையில் இறந்தார். இங்கே தவறியது மூன்றாவது கேள்வி. எதிரே நிற்பதன் மனநிலை என்ன என்று பார்க்கும் பொறுமை. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வருகிற சுற்றுலாக் கார்களில் இந்தப் பொறுமை நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருக்கிறது. ஹாரன் அடிப்பது, கதவைத் திறந்து இறங்கிப் படம் எடுப்பது, பக்கத்தில் உரசிக்கொண்டு போவது. நின்றுகொண்டிருக்கும் யானை நூறு தடவையில் தொண்ணூறு தடவை தன் வழியில் போய்விடும் என்ற தைரியத்தில், மிச்சம் பத்தைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. அந்த 1974 விதியிலும் பகடையில் நடுவாந்தரமான எண் விழுந்தால் விலங்கு 'தயங்கி நிற்கிறது' என்றுதான் பொருள். தயக்கத்தை முடித்துவைப்பது மனிதன் அடுத்து செய்யும் காரியம்.

சிறுத்தை வேறு கணக்கு. யானைக்கு மனிதன் மீது ஆர்வம் இல்லை, திடுக்கிட்டால்தான் ஆபத்து. சிறுத்தைக்குத் திடுக்கிட வைப்பதுதான் பிழைப்பே. 2025 ஜூன் 20 அன்று மாலை பச்சைமலை எஸ்டேட்டில் லைன் வீட்டின் முன்னால் விளையாடிக்கொண்டிருந்த சிறுமியைத் தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து வந்த சிறுத்தை கவ்விக்கொண்டு போனது. ஜார்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை. ஆகஸ்டில் வேவர்லி எஸ்டேட்டில் அசாம் குடும்பம் ஒன்றின் சிறுவன் இறந்தான். முதலில் சிறுத்தை என்றார்கள், பிறகு கரடி என்று தெரிந்தது. தாக்கியது எது என்பதே பிறகுதான் தெரிகிற அளவுக்கு நம் லைன் வீடுகளைச் சுற்றி இருட்டும் புதரும் மண்டிக் கிடக்கின்றன.

இங்கே கைப்பேசிச் செய்தி உதவாது. சிறுத்தை எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. அது ஒளிந்துகொள்ளும் இடத்தைத்தான் குறைக்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்து தேயிலை வரிசை தொடங்கும் இடம் எத்தனை அடி? நடுவே உண்ணிச்செடிப் புதர் மண்டியிருக்கிறதா? கழிப்பறை வீட்டுக்குள்ளா, இருட்டில் முப்பது அடி நடந்து போக வேண்டிய தூரத்திலா? கோழிக்கழிவை எங்கே கொட்டுகிறார்கள்? தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே வீடும் குடிநீரும் கழிப்பறையும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று எழுதிவிட்டது. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் சிறுத்தையை நினைத்து எழுதவில்லை. ஆனாலும் வாசலில் எரியும் ஒரு விளக்கும் வீட்டோடு ஒட்டிய கழிப்பறையும் கூண்டைவிட நல்ல வனவிலங்குத் திட்டம். கூண்டு வைப்பது ஒரு பிள்ளை போன பிறகு.

பிடித்துக்கொண்டுபோய் வேறிடத்தில் விடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2023-இல் தர்மபுரிப் பக்கம் பயிரை அழித்த மக்னாவை, அதாவது தந்தமில்லாத ஆண் யானை ஒன்றைப் பிடித்து டாப்ஸ்லிப் அருகே விட்டார்கள். அது பொள்ளாச்சி வழியாகக் கோவை நகரத்தின் ஓரம் வரை நடந்தே வந்துவிட்டது. மறுபடி பிடித்து மானாம்பள்ளிக் காட்டில் விட்டார்கள். அங்கிருந்தும் இறங்கியது. மூன்றாம் முறை பிடித்துச் சின்னக்கல்லாரில் விட்டார்கள். இதில் யானை பட்ட பாடு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த யானை புதிதாக வந்து சேர்ந்த ஒவ்வோர் ஊரிலும் அது எந்த வழியில் வரும், கூச்சல் போட்டால் விலகுமா பாயுமா என்று யாருக்கும் தெரியாது. வால்பாறையில் பழைய தொழிலாளர்களைக் கேட்டால் எந்தக் கூட்டம் எந்த மாதத்தில் எந்த ஓடையோரம் நிற்கும் என்று சொல்வார்கள். பிடித்து இடம் மாற்றுவது அந்த அறிவைக் கலைத்துப்போடுகிறது. அதாவது திடுக்கிடலை ஓர் ஊரிலிருந்து எடுத்து இன்னோர் ஊருக்கு லாரியில் அனுப்புகிறது.

மேசை விளையாட்டில் காலப்போக்கில் திடுக்கிடல் விதியைத் தளர்த்திக்கொண்டே வந்தார்கள். 2014 பதிப்பில் திடுக்கிட்டவர் தன் முதல் முறையில் நகரவும் முடியாது, எதுவும் செய்யவும் முடியாது. சும்மா உட்கார்ந்திருப்பது யாருக்குப் பிடிக்கும்? 2024-இல் திருத்தினார்கள். இப்போது திடுக்கிட்டவர், யார் முதலில் என்பதற்கான பகடையை இரண்டு முறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டால் போதும். கை கால் கட்டப்படுவதில்லை. பழைய ஆட்டக்காரர்களில் சிலர் முணுமுணுக்கிறார்கள். விளையாட்டில் அதற்கு நியாயம் இருக்கிறது, சலிப்பு கூடாது. மலையில் விதி இன்னும் 2024-க்கு முந்தையதுதான். மூடுபனிக்குள் பத்தடியில் யானையைப் பார்த்தவரின் கால் முதல் இரண்டு நொடி அசையாது. அந்த இரண்டு நொடியை எந்தத் திருத்தமும் திருப்பித் தராது.

இதே கோவை மாவட்டத்தில், மலைக்குக் கீழே, அரசுக்கு இது புரிந்திருக்கிறது. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அங்கே திடுக்கிட்டது யானையும் ரயில் ஓட்டுநரும். அதன் பிறகு மதுக்கரை வனச்சரகத்தில் தண்டவாளத்தை ஒட்டிப் பன்னிரண்டு கோபுரங்கள் எழுப்பி, இருட்டிலும் உடல் வெப்பத்தைக் காட்டும் கேமராக்களைப் பொருத்தி, யானை நெருங்கினால் ரயில்வேக்குத் தகவல் போகும் ஏற்பாட்டை 7.24 கோடி ரூபாயில் செய்தார்கள். 2024 பிப்ரவரியில் அது செயல்படத் தொடங்கியது. யானையைத் திடுக்கிட வைக்காமல் இருக்க இவ்வளவு செலவழிக்கத் தெரிந்த அரசு, கொழுந்து பறித்துவிட்டு இருட்டில் நடந்துவருகிற பெண்ணைத் திடுக்கிட வைக்காமல் இருக்கும் வேலையைப் பெரும்பகுதி ஒரு தன்னார்வ அமைப்பின் தோளில் விட்டிருப்பது விசித்திரம்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. வன உயிரினத்தால் ஒருவர் இறந்தால் வனத்துறை எழுதும் அறிக்கையில் இரண்டு கேள்வி கூடுதலாக வேண்டும்: இறந்தவருக்கு முன்னறிவிப்பு போயிருந்ததா? போகவில்லை என்றால் ஏன்? பத்து லட்சம் ரூபாய் இழப்பீட்டுக் கோப்பில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் கையெழுத்து விழக்கூடாது. இரண்டே ஆண்டில் எந்த எஸ்டேட்டில், எந்தத் திருப்பத்தில் தெரியாமை குவிந்திருக்கிறது என்று வரைபடமே வந்துவிடும்.

அடுத்தது மொழி. வால்பாறைத் தோட்டங்களில் பழைய தொழிலாளர்களின் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். அவர்கள் விட்ட லைன் வீடுகளில் இன்று ஜார்கண்டும் அசாமும் குடியிருக்கின்றன. எந்த ஓடையோரம் எந்த மாதம் யானை நிற்கும் என்ற அறிவு அவர்களுக்குக் கைமாறவில்லை. கைமாற்ற யாரும் உட்கார்ந்து பேசவும் இல்லை. எச்சரிக்கைக் குரல் சாத்ரியிலும் அசாமியிலும் இந்தியிலும் பேச வேண்டும். அவர்களிடம் இருக்கும் வெளிமாநில சிம் எண்கள் பட்டியலில் ஏற வேண்டும். வேலைக்குச் சேரும் நாளிலேயே, சம்பளக் கணக்குக்கு எண் வாங்கும் அதே மேசையில் இதையும் பதிந்துகொள்ள ஒரு நிமிடம் ஆகாது.

மூன்றாவது, சிக்னல். மொத்த ஏற்பாடும் கைப்பேசி அலையை நம்பி நிற்கிறது. பள்ளத்துக்குள் இருக்கும் தோட்டப் பிரிவுகளில் மழை பிடித்தால் அலை போய்விடும், கரண்டும் போய்விடும், யானை மட்டும் வழக்கம்போல வரும். அலை எட்டாத பிரிவுகளின் பட்டியலைத் தோட்ட நிர்வாகங்களே ஒரு வாரத்தில் எழுதித் தர முடியும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மாவட்ட நிர்வாகம் பி.எஸ்.என்.எல்-லைக் கூப்பிட்டுப் பேச, அடுத்த தென்மேற்குப் பருவமழை வரை காத்திருக்க வேண்டியதில்லை.